செத்த காலேஜுக்கு ஒரு வில்லங்கச் சான்று

பல்லாவரம் பக்கம் பத்திரம் எழுதிப் பிழைக்கிறவன் நான். ஒருவர் மனை வாங்கப்போகிறேன் என்று வந்தால் தண்ணீர் எத்தனை அடியில் கிடைக்கிறது என்று கேட்க மாட்டேன். விற்கிறவருக்கு அது எப்படி வந்தது, அவருக்குக் கொடுத்தவருக்கு எப்படி வந்தது என்றுதான் கேட்பேன். எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்குள் நுழைந்தாலும் அதே புத்திதான் முன்னால் வந்து நிற்கிறது. சிலை அழகாக இருக்கிறது, சரி; இங்கே எப்படி வந்தது? கலை விமர்சனம் எதிர்பார்த்து வந்தவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் இடத்தின் கதை. 1778ல் மதராஸ் கவர்னர் இங்கே 43 ஏக்கரை ஒரு கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிக்குக் கொடுக்கிறார். அவர் 1793ல் அதை 24 பேர் கொண்ட ஒரு குழுவின் பொறுப்பில் விடுகிறார். ஊரில் இருந்த வெள்ளைக்காரர்களின் கேளிக்கைகளைப் பார்த்துக்கொண்ட குழு அது. பாந்தியன் என்பது அவர்கள் கூடிய மண்டபத்தின் பெயர்; பாந்தியன் சாலைக்கும் அந்தப் பெயர்தான் ஒட்டிக்கொண்டது. 1821ல் குழு அந்த வீட்டையும் நடுத்தோட்டத்தையும் மூரட் என்ற ஆர்மீனிய வணிகருக்கு விற்கிறது. அவர் 1830ல் அரசாங்கத்துக்கே விற்கிறார். ஆக, தான் கொடுத்த நிலத்தை 52 வருடம் கழித்து அரசாங்கமே காசு கொடுத்து வாங்கியிருக்கிறது. என் தொழிலில் இதைவிட வேடிக்கையான தொடர்ச்சியெல்லாம் பார்த்திருக்கிறேன் என்பதால் சிரிப்பு வரவில்லை. அப்புறம் கொஞ்ச காலம் கலெக்டர் கச்சேரி, அதாவது அலுவலகம். அருங்காட்சியகம் இங்கே குடிவந்தது 1854 கடைசியில்.

அதற்கு முன்பு, 1851ல், அது கல்லூரிச் சாலையில் இருந்த கோட்டைக் கல்லூரிக் கட்டடத்தின் மாடியில் தொடங்கியது. பொறுப்பாளர் எட்வர்ட் பால்ஃபர் என்ற ராணுவ மருத்துவர். கைமுதல், மதராஸ் இலக்கியச் சங்கம் கொடுத்த 1100 பாறைத் துண்டுகள். எழும்பூருக்கு வந்தபின் 1855ல் பால்ஃபர் வளாகத்திலேயே உயிருள்ள மிருகங்களையும் வைத்தார். கர்நாடக நவாபிடம் பேசி அவருடைய மிருகங்களையும் வாங்கிக்கொண்டார். பின்னால் அவை பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போயின, 1985ல் வண்டலூருக்கு. பழைய சென்னைக்காரர்கள் மிருகக்காட்சிசாலையை உயிர் காலேஜ் என்பார்கள், இதைச் செத்த காலேஜ் என்பார்கள். எங்கள் அம்மா கடைசிவரை அப்படித்தான் சொன்னார்.

இனி உள்ளே. பல அருங்காட்சியகங்களில் பெயர்ப்பலகையில் இருப்பது என்ன பொருள், எந்த ஊர், எந்த நூற்றாண்டு என்ற விவரம்தான். இங்கேயும் அந்த வழக்கம்தான். எங்கள் பாஷையில் சொன்னால் சொத்து விவரம் இருக்கும், தாய்ப்பத்திரம், அதாவது சொத்து எப்படிக் கைமாறி வந்தது என்று காட்டும் பழைய பத்திரம், இருக்காது. தாய்ப்பத்திரத்தை நாம்தான் தெரிந்துகொண்டு போக வேண்டும். தெரிந்துகொண்டு போனால் இந்த இடம் வேறு மாதிரி இருக்கிறது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

செப்புத்திருமேனிகள் இருக்கும் கட்டடத்துக்கு முதலில் போங்கள், கண்ணும் காலும் களைப்பதற்கு முன்னால். என் அக்கா மகள் வணிகவியல் படிக்கிறாள். சிலைகளின் நடுவே நின்று அவள் கேட்ட முதல் கேள்வி: "மாமா, இதுக்கெல்லாம் கவர்மெண்ட் என்ன விலை குடுத்திருக்கும்?"

நல்ல கேள்வி. பதில் ஒரு சட்டத்தில் இருக்கிறது. இங்குள்ள திருமேனிகளில் நிறைய, வீட்டுக்குக் கடைக்கால் தோண்டும்போதும் வயலை உழும்போதும் மண்ணிலிருந்து வந்தவை. படையெடுப்புக்குப் பயந்து யாரோ புதைத்தார்கள். புதைத்த இடம் தெரிந்தவர்கள் செத்துப்போனார்கள். 1878ம் ஆண்டின் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் கலெக்டருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். உரிமை கொண்டாட வேறு யாரும் இல்லாமல், இருவருக்குள்ளும் வேறு ஒப்பந்தமும் இல்லாவிட்டால், கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கு, நிலத்துக்காரருக்குக் கால் பங்கு. அரசாங்கமே வைத்துக்கொள்ள நினைத்தால், அந்தப் பொருளில் உள்ள உலோகத்தின் மதிப்பைக் கணக்குப் போட்டு, அதில் ஐந்தில் ஒரு பங்கை மேலே சேர்த்துக் கொடுத்துவிட்டு எடுத்துக்கொள்ளலாம்.

இதைச் சொன்னதும் அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அப்போ செய்கூலி?" என்றாள். செய்கூலி கிடையாதும்மா. ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் மெழுகில் உருப்பிடித்து, மண் பூசி, உருக்கி ஊற்றி, உளியால் விரல் நகம் வரை செதுக்கிய ஸ்தபதியின் உழைப்புக்குச் சட்டத்தில் தனிக் கலம் இல்லை. செம்பு என்ன விலை, மேலே இருபது சதவீதம், அவ்வளவுதான். வழிகாட்டி மதிப்பு போடுகிறவர்கள் எல்லாக் காலத்திலும் ஒரே மாதிரிதான் யோசித்திருக்கிறார்கள்.

திருவாலங்காட்டு நடராஜர் முன்னால் கூட்டம் நிற்கும். நிற்கட்டும். ரோதன் என்ற பிரெஞ்சுச் சிற்பி இந்த நடராஜரைப் பற்றி எழுதிய கட்டுரை கலை உலகத்தில் பிரசித்தம். அவர் சென்னைக்கு வந்ததே இல்லை. விக்டர் கோலூபேவ் என்ற ருஷ்யர் மதராஸ் அருங்காட்சியகத்துச் சிலைகளின் புகைப்படங்களைக் காட்டினார். அந்தப் படங்களைப் பார்த்துத்தான் அவ்வளவும் எழுதினார். 1917ல் ரோதன் காலமானார், கட்டுரை அச்சில் வந்தது 1921ல். ரோதன் பார்க்காத பக்கங்களை நீங்கள் பார்க்கலாம். பக்கவாட்டில் போய், தூக்கிய காலின் தொடை இடுப்பைத் தாண்டித் திரும்பும் இடத்தில் முதுகு எப்படி ஈடு கொடுக்கிறது என்று பாருங்கள்.

எனக்குப் பிடித்தது அதுவல்ல. திருவெண்காட்டு அர்த்தநாரி. பதினோராம் நூற்றாண்டு. மெதுவாகக் கைகளை எண்ணுங்கள்: மூன்று. சிவன் பக்கம் இரண்டு, உமை பக்கம் ஒன்று. வலது தோளிலிருந்து கீழே கண்ணை இறக்கினால் உடம்பு நேராக வருகிறது. இடது தோளிலிருந்து இறக்கினால் இடுப்பில் உள்ளே போய், வெளியே வளைந்து, துணி கணுக்கால் வரை இறங்குகிறது. நடுவில் எங்கே ஒன்று முடிந்து இன்னொன்று தொடங்குகிறது என்று கோடு போட்டுக் காட்ட முடியாது. பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதி எழுதி அலுத்த எனக்கு, பிரிக்காமலே இரண்டு பங்கு காட்டிய இந்த ஆளின் மேல் பொறாமைதான் வருகிறது. திருவெண்காட்டிலேயே மண்ணுக்குள் கிடைத்த ரிஷபவாகனர் தஞ்சாவூர்க் கலைக்கூடத்தில் இருக்கிறார். ஒரே ஊர்க்காரர்கள், இரண்டு ஜில்லாவில் குடித்தனம்.

நாகப்பட்டினத்துப் புத்தர்கள் உயரத்தில் சிறியவர்கள். பெரிய சிலைகளைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் நிற்காமல் போய்விடுகிறார்கள். இந்த வளாகத்திலேயே நல்ல கதை இவர்களுடையதுதான் என்பேன்.

ஸ்ரீவிஜயத்து அரசன், அதாவது இன்றைய சுமத்ரா பக்கத்து அரசன், முதலாம் ராஜராஜன் காலத்தில் நாகப்பட்டினத்தில் ஒரு புத்த விகாரம் எழுப்புகிறான். சூடாமணி விகாரம். அதன் செலவுக்கு ராஜராஜன் ஆனைமங்கலம் என்ற கிராமத்து வருமானத்தைத் தானமாகக் கொடுக்கிறான். செப்பேட்டில் பத்திரம் எழுதியாயிற்று. சமஸ்கிருதத்தில் ஒரு பகுதி, தமிழில் ஒரு பகுதி, மொத்தம் 21 ஏடுகள். அந்தக் காலத்தில் ஒரு கிராமத்தை எழுதிவைத்தால் பெண் யானையை எல்லை சுற்றி நடத்துவார்கள். யானை நடந்த தடம்தான் நான்கெல்லை. இன்றைக்கு நாங்கள் வடக்கே இன்னார் மனை, தெற்கே இருபதடி பொதுவழி என்று எழுதுகிறோமே, அதற்குத் தாத்தா. இந்தச் செப்பேடு டச்சுக்காரர்கள் காலத்தில் ஹாலந்துக்குப் போனது. லெய்டன் பல்கலைக்கழகத்தில் இருந்ததால் அறிஞர்கள் அதற்கு லெய்டன் செப்பேடு என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

சொத்து என்ன ஆயிற்று? விகாரத்தோடு சேர்ந்ததாகக் கருதப்பட்ட செங்கல் கோபுரம் ஒன்று 19ம் நூற்றாண்டு வரை நாகப்பட்டினத்தில் நின்றது. கப்பல்காரர்கள் அதைச் சீன பகோடா என்றார்கள். 1856ல் அதன் அருகே ஒரு பழைய இலுப்பை மரத்தடியில் புத்தர் சிலைகள் அகப்பட்டன. 1867ல் அரசாங்க அனுமதியோடு அங்கிருந்த ஏசு சபைப் பாதிரியார்கள் கோபுரத்தை இடித்துவிட்டார்கள். ஆனால் மண் நிறுத்தவில்லை: 1930கள் வரை அந்த ஊரில் கிடைத்த பௌத்தத் திருமேனிகள் ஏறத்தாழ 350. அவற்றில் பல எழும்பூரில் இருக்கின்றன, சில வேறு வேறு தேசங்களுக்குப் போய்விட்டன. பத்திரம் ஒரு தேசத்துக்குப் போயிற்று, கட்டடம் இல்லை, சாமிகள் இங்கே கண்ணாடிக்குள். இப்படி ஒரு கோப்பு என் மேஜைக்கு வந்தால் கட்டணம் வாங்காமலே உட்கார்ந்து படிப்பேன்.

போலிப் பத்திரக் கதையும் ஒன்று சொல்லிவிடுகிறேன், இந்தக் கட்டடத்துச் சிலை அல்ல என்றாலும். அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலில் இருந்த நடராஜரைத் திருடிக் கடத்தினார்கள். 2008ல் ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடம் அதை 50 லட்சம் டாலருக்கு வாங்கியது. 1972ம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்துக்கு முன்பே சிலை இந்தியாவை விட்டு வெளியே போய்விட்டது என்று காட்டக் காகிதங்கள் தயாராக இருந்தன. காகிதம் எல்லாம் சரியாக இருந்தது, உண்மைதான் இல்லை. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் பல வருடங்களுக்கு முன் கோயிலுக்குள்ளேயே எடுத்துவைத்திருந்த புகைப்படம்தான் குட்டை உடைத்தது. 2014ல் நடராஜர் திரும்பி வந்தார். "எங்கிருந்து வந்தது" என்ற கேள்வி கிழவர்களின் பொழுதுபோக்கு என்று நினைக்கிறவர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

அடுத்து அமராவதிக் கற்கள். இங்கே எனக்கு மனசு கொஞ்சம் கனத்துவிடும். ஆந்திராவில் கிருஷ்ணா நதிக்கரையில் இருந்த பெரிய பௌத்த ஸ்தூபம். 18ம் நூற்றாண்டின் கடைசியில் வாசிரெட்டி வேங்கடாத்ரி நாயுடு என்ற ஜமீன்தார் தன் தலைநகரை அமராவதிக்கு மாற்றினார்; கட்டுமானத்துக்குக் கல் தேடியவர்கள் ஸ்தூபத்தில் கைவைத்தார்கள். விஷயம் காதில் விழுந்து காலின் மெக்கன்சி என்ற கம்பெனி நில அளவை அதிகாரி வந்து பார்த்தார், பின்னால் மறுபடி வந்து வரைபடங்கள் எடுக்கவைத்தார். 1845ல் வால்டர் எலியட் என்ற அதிகாரி தோண்டிக் கற்களை மதராசுக்கு அனுப்பினார். அவை இங்கே வருடக்கணக்கில் திறந்தவெளியில் வெயிலிலும் மழையிலும் கிடந்தன. 1859ல் 121 கற்கள் கப்பலேறி லண்டன் போயின. அங்கே போய் மட்டும் என்ன வாழ்ந்தது? அங்கேயும் கிடங்கில் மறந்துபோய்க் கிடந்து, 1867ல்தான் ஃபெர்குசன் என்ற கட்டடக்கலை ஆய்வாளரின் கண்ணில் பட்டன. பிறகு பிரிட்டிஷ் மியூசியம். சென்னையில் தங்கியவற்றை அந்தக் காலத்து அதிகாரிகள் சுவரில் பதித்துச் சாந்து பூசிவிட்டார்கள். பத்திரமாக இருக்கட்டும் என்று செய்ததுதான். ஆனால் அது ஆந்திராவின் பல்நாடு வட்டாரத்துச் சுண்ணாம்புக்கல். சுவரின் ஈரமும் உப்பும் ஏறினால் மேற்பரப்பு உதிர்கிற சாதி. நல்ல எண்ணத்தோடு செய்த காரியத்தின் வில்லங்கம் நூறு வருடத்துக்கு மேலாகத் தொடர்கிறது. கற்களில் யானைகள், மரத்தடியில் கூட்டம், ஆள் உட்காராத ஆசனம் என்று எவ்வளவோ இருக்கிறது. அவசரமாகப் போகாதீர்கள்.

செப்புச் சிலைகளுக்கும் நோய் உண்டு. மண்ணிலிருந்த உப்பு செம்போடு சேர்ந்து பச்சைத் தூளாகப் பூக்கும், விட்டால் உள்ளே தின்றுகொண்டே போகும். அதற்கு வைத்தியம் பார்க்க 1930ல் இங்கே ஒரு வேதியியல் ஆய்வுக்கூடம் வந்தது. அதில் வேலை பார்த்த பரமசிவன், மின்பகுப்பு முறையில் திருமேனிகளைச் சுத்தம் செய்தார். தஞ்சைப் பெரிய கோயில் சுவரோவியங்களின் சாயம், பூச்சு எல்லாவற்றையும் ஆராய்ந்தவரும் அவரே. சிலையை வார்த்தவனைப் பேசுகிறோம், காப்பாற்றியவரைப் பேசுவதில்லை.

கற்கருவிகள் பக்கம் போனால் என் ஊர்ப் பெருமை. 1863 மே 30ம் தேதி, பல்லாவரம் ராணுவ மைதானத்துச் சரளைக் குழியில் ராபர்ட் புரூஸ் ஃபுட் என்ற நிலவியல் துறைக்காரர் ஒரு கல்லைப் பொறுக்கினார். மனிதன் கையால் செதுக்கிய கோடரி. இந்தியாவின் கற்கால ஆராய்ச்சி அங்கேதான் தொடங்குகிறது. அதே வருடம் திருவள்ளூர்ப் பக்கத்து அத்திரம்பாக்கத்திலும் கற்கருவிகள் கிடைத்தன. அங்கே கிடைத்த கருவிகளில் பழையவற்றின் வயது 15 லட்சம் வருடம் என்று பின்னால் கணித்திருக்கிறார்கள். ஃபுட் வாழ்நாளெல்லாம் சேர்த்ததை இந்த அருங்காட்சியகம் 1904ல் வாங்கியது. பல்லாவரத்தில் இன்று சதுர அடி விலை சொல்லும்போது வாங்குகிறவர்களின் முகம் போகிற போக்கைப் பார்த்தால், எனக்கு அந்தச் சரளைக் குழி ஞாபகம் வரும். அதில் முதல் குடித்தனக்காரருக்குப் பட்டா கிடையாது.

ஆதிச்சநல்லூர்ப் பொருள்களை இப்போது எல்லோருக்கும் தெரிகிறது. 1876ல் ஜாகோர் என்ற ஜெர்மானியர் தோண்டி எடுத்ததில் ஒரு பகுதி பெர்லினுக்குப் போனது என்பதையும், 1899 முதல் அலெக்சாண்டர் ரீ என்ற தொல்லியல் துறைக்காரர் தோண்டியெடுத்த தாழிகளும் இரும்பும் தங்க நெற்றிப்பட்டங்களும்தான் இங்கே வந்தன என்பதையும் சேர்த்து நினைத்துக்கொண்டு பாருங்கள்.

மானிடவியல் பகுதியில் குழந்தைகளோடு போகிறவர்கள் கொஞ்சம் யோசித்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்துக் கஞ்சம் மலைப் பகுதியில், இன்றைய ஒடிசாவில், கோந்த் என்ற பழங்குடி மக்கள் நரபலி கொடுத்த மெரியா கம்பம் இந்த அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் உள்ளது. கஞ்சம் 1936 வரை சென்னை மாகாணத்தில் இருந்ததால் அது இங்கே வந்தது. யானைத் தலை போல ஒரு மரம், அவ்வளவுதான். தெரிந்தபிறகு பார்த்தால் கால் நகராது.

அதைவிட என்னை உறுத்துவது எட்கர் தர்ஸ்டன். 1885 முதல் இருபது வருடத்துக்கு மேல் கண்காணிப்பாளர். தென்னிந்திய சாதிகளைப் பற்றி ரங்காச்சாரியோடு சேர்ந்து ஏழு தொகுதிகள் எழுதி 1909ல் வெளியிட்டவர். இங்கே வேடிக்கை பார்க்க வந்த ஜனங்களையே பிடித்து நிறுத்தி, கருவி வைத்து மண்டையையும் மூக்கையும் அளந்தார். பார்க்க வந்தவனே காட்சிப்பொருள் ஆகிவிட்டான். அவர் எடுத்த படங்களையும் குறிப்புகளையும் இன்றைக்கும் ஆராய்ச்சிக்காரர்கள் பயன்படுத்துகிறார்கள். நானும் படித்திருக்கிறேன், பிரயோசனமானவைதான். ஆனாலும் அந்த மூக்கு அளவு ஜீரணமாகவில்லை.

கடைசியாக ஜெனரல் நீல் என்ற வெள்ளைக்காரத் தளபதி. 1857 சிப்பாய்க் கிளர்ச்சியின்போது அலகாபாத்திலும் கான்பூரிலும் ஜனங்களைக் கண்மூடித்தனமாகத் தூக்கில் போட்டவர், லக்னோவில் செத்தார். அவருக்கு மவுண்ட் ரோட்டில் ஸ்பென்சர் எதிரே சிலை வைத்திருந்தார்கள். 1927ல் அதை எடுக்கச் சொல்லி சத்தியாக்கிரகம் நடந்தது, பலர் சிறைக்குப் போனார்கள். 1937ல் ராஜாஜி ஆட்சி வந்ததும் சிலையை அகற்றி இங்கே கொண்டுவந்துவிட்டார்கள். உடைக்கவில்லை, உருக்கவில்லை, அருங்காட்சியகத்தின் கணக்கில் சேர்த்தார்கள். கோபத்தையும் பத்திரத்தையும் ஒன்றாகக் கையாண்ட அந்தப் புத்திசாலித்தனம் எனக்குப் பிடித்திருக்கிறது.

சரி, போகிறவர்களுக்கு. எழும்பூர் ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம். கட்டணம் ஒரு சினிமா டிக்கெட்டுக்குப் பக்கத்தில்கூட வராது. பிள்ளைகளைத் திமிங்கில எலும்புக்கூட்டுக்குக் கடைசியில் கூட்டிப்போங்கள். முதலில் காட்டிவிட்டால் வேறு எதற்கும் வரமாட்டார்கள். ஹென்றி இர்வின் கட்டிய சிவப்புக் கலைக்கூடம் திறந்திருக்கிறதா என்று டிக்கெட் கவுண்டரிலேயே கேட்டுக்கொள்ளுங்கள், மூடியிருந்தாலும் வெளியில் நின்று பார்க்கத் தகும். அருங்காட்சியகம் வெளியிட்ட ஆய்வுப் புத்தகங்கள் விற்பனைக்கு உண்டு. சிலைகள் எந்த ஊரில், எப்படி அகப்பட்டன என்ற விவரங்கள் அவற்றில் கிடைக்கும். இன்னும் தோண்ட வேண்டும் என்றால் அதே வளாகத்தில் 1896ல் திறந்த கன்னிமாரா நூலகம். என் அக்கா மகளுக்கு இப்போது அங்கே உறுப்பினர் அட்டை இருக்கிறது. செலவு என்னுடையது.

ஒரு நாளில் எல்லாவற்றையும் பார்க்க நினைக்காதீர்கள். செப்புத்திருமேனியும் அமராவதியும் ஒரு நாள், மற்றவை இன்னொரு நாள். வெள்ளிக்கிழமை விடுமுறை, அன்றைக்குப் போய் கேட்டில் நிற்காதீர்கள்.